முகவரியில் ஆள் இல்லை

ஜனவரி 12

அன்புள்ள வக்கீலுக்கு,

அத்தை எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உனக்கும், சின்ன வயதிலேயே உன்னை வக்கீல் என்று கூப்பிடவைத்த அந்த வாய் நீளத்தைத் தவிர வேறு குறை இருக்காது என்று நம்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ம்" என்று மழுப்பிவிடுகிறாய். கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வாக்காளர் பட்டியலைப் புதிதாக எழுதுகிறார்கள். நம் தெருவுக்கு வந்தவர் பள்ளிக்கூட டீச்சர். என் கடைக்குக் கேள்வித்தாள் ஜெராக்ஸ் எடுக்க வருவாரே, ஒல்லியாக, எப்போதும் குடையும் கையுமாக, அவரேதான். வீடு வீடாக ஏறி இறங்கிக் கால் வீங்கிப்போயிருந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். படிவத்தை நிரப்பி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இதெல்லாம் தலைநகரத்தில் உங்கள் ஆபீசுக்குத்தான் வருமாம். என் அண்ணன் மகன்தான் அங்கே பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான் என்று கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். அப்படியானால் கவலையே இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார்.

இனிமேல் ஓட்டே போடமாட்டேன் என்று போன தடவை எழுதியிருந்தாய். எனக்கு மனசே ஆறவில்லை. நான் எதற்குப் போடுகிறேன் தெரியுமா? வருஷம் முழுக்க நான் ஜெராக்ஸ் அக்கா, இல்லையென்றால் ஜெராக்ஸ்காரம்மா. அந்த ஒரு நாள்தான் ஓர் அதிகாரி என் முழுப்பெயரை உரக்கப் படிக்கிறார். எல்லாக் கட்சி ஆட்களும் நிமிர்ந்து பார்த்துத் தங்கள் தாளில் கோடு போடுகிறார்கள். சிரிக்காதே. பதில் போடு.

உன் அத்தை

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வக்கீல் உயிரோடு இருக்கிறான், மூன்று வேளையும் சாப்பிடுகிறான். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காமல் ஒரு முக்காலி வாங்கிப் போடுங்கள்.

ஓட்டு விஷயத்தில் என்னை மாற்றமுடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் படிப்பை விட்டுவிட்டு யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்? வாளியில் பசையைத் தூக்கிக்கொண்டு அலைந்து எவர் படத்தைச் சுவர் சுவராக ஒட்டினேன்? அவர் இப்போது, தான் திருடன் என்று சொன்ன அதே ஆளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறார். அந்த ஊர்வலத்தில் என் நண்பனுக்கு இரண்டு பல் போனதுதான் மிச்சம். நாடு நாடு என்று முழங்குவதெல்லாம் ஒலிபெருக்கியைக் கழற்றும் வரைக்கும்தான் அத்தை. எங்கள் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் எழுந்து நின்று நாட்டுப்பண் பாடவேண்டும். அறுபது பேருக்கு வாய் அசையும், கண் மேசைக்கடியில் போனில் இருக்கும். நானும் அப்படித்தான்.

வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் போடவேண்டும். ஒன்று என்றால் ஆள் இருக்கிறார், இரண்டு இறந்துவிட்டார், மூன்று வீடு மாறிவிட்டார், நான்கு என்றால் முகவரியில் ஆள் இல்லை. நாலு போட்டால் வேறு எதையும் நிரப்ப வேண்டாம், திரை அடுத்த பெயருக்குத் தாவிவிடும். அதனால் "நாலு போட்டுட்டுக் கிளம்பு" என்பது எங்களுக்குள் ஒரு கேலி. போன வெள்ளிக்கிழமை கூரை ஒழுகி என் மேசையில் இருந்த கட்டு ஒன்று நனைந்து, பிரிக்கமுடியாமல் ஒட்டிக்கொண்டது. விதிப்படி ஊருக்குத் திருப்பி அனுப்பி மறுபடி எழுதி வாங்கவேண்டும், அதற்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும். எனக்கோ சினிமாவுக்கு நேரமாகிவிட்டது. மேல்தாளில் இருந்த வரிசை எண்களைப் பார்த்து அத்தனை பேருக்கும் நாலு போட்டுவிட்டு ஓடிவிட்டேன். எந்த ஊர் என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு கட்டு ஓட்டால் எந்த நாடு முழுகப் போகிறது?

படம் சுமார்தான்.

வக்கீல்

பிப்ரவரி 20

அன்புள்ள வக்கீலுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் முக்காலி வாங்கிவிட்டேன், உட்காரத்தான் நேரம் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருப்பதால் அல்ல. அந்த நனைந்த கட்டைத் திங்கட்கிழமை போய்ச் சரிசெய்துவிட்டாய்தானே? தலைவர்கள் மேல் இருக்கும் கோபத்தை முகம் தெரியாத ஆட்கள் மேல் காட்டாதே. சரிசெய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப்போடு, போதும்.

அத்தை

ஏப்ரல் 18

அன்புள்ள வக்கீலுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நேற்று இங்கே தேர்தல். கடையைப் பூட்டிவிட்டு ஏழு மணிக்கே போய் வரிசையில் மூன்றாவதாக நின்றேன். அதிகாரி தாளைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். பிறகு, "உங்க பேர் இல்லீங்கம்மா, முகவரியில ஆள் இல்லைன்னு அடிச்சிருக்கு" என்றார். நான் அவர் எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற மளிகைக்கடைக்காரருக்கும் அப்படியே. மொத்தத் தெருவும் அப்படியே. முதலில் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். நீ இருக்கும் தைரியத்தில் நான் பார்க்கவே இல்லை.

மற்றவர்கள் நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாமாம். நான் ஒருத்திதான் அங்கேயே உட்கார்ந்து எழுத்தில் புகார் கொடுத்தேன். பாவி எவனோ என்னை என் வீட்டிலேயே இல்லாமல் ஆக்கியிருக்கிறான். அவன் யார் என்று தெரியாமல் விடமாட்டேன். டீச்சர் கொடுத்த ஒப்புகைச் சீட்டில் கட்டு எண் 1173 என்று இருக்கிறது. உங்கள் ஆபீசில் தேடிப் பார்த்துச் சொல்லு.

அத்தை

மே 24

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன். மதியத்தில் கடையைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் படுங்கள்.

நீங்கள் கேட்ட கட்டு எண்ணைப் பார்த்தேன். இது பெரிய இயந்திரம் அத்தை, இதில் யார் செய்தார் என்று தனியாக ஒருவரைச் சொல்லமுடியாது. பதிந்து முடித்த படிவங்களை நாற்பது நாளில் அழித்துவிடுகிறார்கள். ஆனாலும் முயற்சி செய்கிறேன். உங்களிடம் இருக்கும் ஒப்புகைச் சீட்டின் அசலை எனக்கு அனுப்புங்கள், மேலிடத்தில் காட்டுகிறேன். அதுவரை அங்கே யாரிடமும் அதைப் பற்றிப் பேசவேண்டாம். ஆளுக்கு ஒன்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

வக்கீல்

ஜூன் 2

அன்புள்ள வக்கீலுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். என் கடைக்கு வந்து நகல் எடுக்காமல் போன காகிதமே கிடையாது, அதனால் நகல் என்னிடம் இருக்கிறது. ஆனால் எந்த ஆபீசிலும் நகலுக்கு மதிப்பு இல்லையாம், அசல்தான் வேண்டுமாம். இத்தனை வருஷமாக எதை விற்றுப் பிழைத்தேனோ அதற்கு மதிப்பு இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் புகாருக்கு டீச்சரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அவர் வீட்டுக்கே வராமல் எல்லோரையும் இல்லை என்று எழுதிவிட்டாராம். தெருவில் மற்றவர்கள் தங்கள் சீட்டை எப்போதோ தொலைத்துவிட்டார்கள், அவர் வந்தார் என்பதற்கு என் சீட்டுதான் சாட்சி. சீக்கிரம் காட்டு ராசா. நான் கொடுத்த புகார் அவர் கழுத்தில் விழுந்திருக்கிறது.

அத்தை

ஜூலை 6

வக்கீலுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் ஏதாவது வந்துவிட்டதா? ஒரு மாதமாகப் பதில் இல்லாததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

டீச்சரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். என் கடை வாசலைத் தாண்டும்போது குடையை இந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு போகிறார், முகம் தெரியக்கூடாதாம். வெயில் அந்தப் பக்கம் அடிக்கிறது. விசாரணை அதிகாரி என்னிடம் வந்து சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என் அண்ணன் மகனிடம் இருக்கிறது, தலைநகரத்தில் காட்டுகிறான் என்றேன். வியப்பாகப் பார்த்தார். அது மேலிடத்துக்குப் போகிற காகிதம் இல்லையம்மா, இங்கே என்னிடம் கொடுக்கவேண்டியது என்றார்.

அப்படியானால் நீ அதை யாரிடம் காட்டிக்கொண்டிருக்கிறாய்?

அத்தை

ஜூலை 19

அன்புள்ள அத்தைக்கு,

நலம் விசாரிக்கிற தகுதி இன்றைக்கு எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நான்தான். பிப்ரவரியில் நனைந்த அந்தக் கட்டு 1173. உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த அன்றைக்கே தேடிப் பார்த்துவிட்டேன். வரிசையில் முப்பத்தொன்பதாவது உங்கள் பெயர். அதற்கு நேரே என் குறியீடு, நான் போட்ட நான்கு. நீங்கள் பிப்ரவரியிலேயே சரிசெய்யச் சொன்னீர்கள். அப்போது நேரம் இருந்தது. கட்டு என் மேசைக்கடியில்தான் கிடந்தது, காலில் இடறியது. ஒரு வரி பொய் எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்து எழுதாமலே இருந்துவிட்டேன்.

அதைக்கூடச் சோம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம். சீட்டை வாங்கியது சோம்பல் இல்லை. பழி முதலில் டீச்சர் மேல்தான் விழும், சீட்டு வெளியே வந்தால் அவர் தப்பித்துவிடுவார், கை என்னை நோக்கி நீளும் என்று தெரிந்துதான் கேட்டேன். நீங்கள் அனுப்பிய உறையைப் பிரிக்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததால் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். தலைவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். நூற்றிரண்டு பேரை ஒரு சினிமாவுக்காக அழித்தவன் அவர்களில் யாரும் இல்லை.

சீட்டு இதோடு இருக்கிறது. அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். என்ன வந்தாலும் வரட்டும்.

வக்கீல்

ஆகஸ்ட் 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. ஐந்து வாரமாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்றாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

நடந்ததை எல்லாம் எங்கள் சூப்பிரண்டுக்கு எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். சட்டைப் பையில்தான் இருக்கிறது. நீங்கள் சீட்டைக் கொடுத்துவிட்டீர்களா என்று தெரிந்தால் இதையும் கொடுத்துவிடுவேன். உங்கள் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

வக்கீல்

செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைத் திறக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், இது உன் வேலையாக இருக்குமோ என்ற எண்ணம் எனக்கு வாக்குச்சாவடியிலேயே வந்தது. என் பிள்ளையை அப்படி நினைப்பதா என்று நானே அதை விரட்டிவிட்டேன். அதனால்தான் வேறு யாரோ செய்ததுபோல் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ மறைத்தாய், நான் கண்ணை மூடிக்கொண்டேன். நடுவில் டீச்சர் மாட்டிக்கொண்டார்.

சீட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். பையிலிருந்து எடுப்பதற்கு முன், தலைநகரத்து ஆபீசில் தவறு என்றால் அந்த ஆளை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கிரிமினல் வழக்கு, மூன்று வருஷம் வரைக்கும் உள்ளே போகவேண்டி வரும் என்றார். பிறகு நான் சீட்டை எடுக்கவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டால் டீச்சருக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் காரணம் வேண்டும் என்றார். அவரே ஒரு தாளைக் கொடுத்தார், சீட்டைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. "ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நான் இந்த முகவரியில் வசிக்கவில்லை. என் புகார் தவறானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சீட்டையும் நகலையும் கொளுத்திவிட்டேன்.

வீடு பூட்டியிருந்தது என்று டீச்சரையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் மாட்டேன் என்றாராம், மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது பள்ளிக்கூடம் போகிறார். முந்தாநாள் கடைக்கு வந்தார். "ஏம்மா அப்படி எழுதினீங்க? நான் வந்தேனே, நீங்க உட்காரவெச்சுத் தண்ணி கொடுத்தீங்களே" என்றார். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டே, "அது வேற வருஷம் டீச்சர்" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி ஜெராக்ஸுக்கு வேறு கடைக்குப் போவார்.

பட்டியலில் மறுபடி பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாமாம். நான் போடப்போவதில்லை. பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு அந்த வரிசையில் நிற்பேன்?

உன் சட்டைப் பையில் இருக்கும் காகிதத்தைக் கொடுக்க என் பதிலுக்குக் காத்திருப்பதாக எழுதியிருந்தாய். கொடுக்கிறவன் காத்திருக்கமாட்டான். அதில்தான் நீ எவ்வளவு பயந்திருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு. சாப்பிடு.

அத்தை

செப்டம்பர் 27

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சூப்பிரண்டு அறைக்குப் போனேன். நீங்கள் கிழிக்கச் சொன்ன காகிதத்தை அவர் மேசையில் வைத்தேன். எனக்காக நீங்கள் பொய் சொல்லிவிட்டீர்கள், இனி நான் சும்மா இருந்தால் மனிதனே இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், ஒன்றரைப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு பீரோவைத் திறந்து 1173-இன் கோப்பை எடுத்தார். உங்கள் வாக்குமூலம், டீச்சருடையது, அதன் பக்கத்தில் என்னுடையது என்று மூன்றையும் வரிசையாக வைத்தார். உங்கள் தாளில் எழுத்து கோணலாக இருந்தது. உங்கள் எழுத்து கோணி நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, நீங்க எழுதினது உண்மைன்னா இந்த ரெண்டு அம்மாவும் பொய் வாக்குமூலம் கொடுத்திருக்காங்க. முதல்ல அவங்க மேலதான் வழக்குப் போடணும். அப்புறம்தான் உங்ககிட்ட வருவாங்க. நான் இதைப் பதிவேட்டுல ஏத்தட்டுமா, சொல்லுங்க" என்றார்.

அவர் அவசரப்படுத்தவில்லை. டீச்சரை மறுபடி நிறுத்துவார்கள், உங்களைக் கூண்டில் ஏற்றுவார்கள் என்பதெல்லாம் மனதில் ஓடியது. கையை நீட்டினேன். அவர் என் காகிதத்தை மட்டும் மடித்துக் கொடுத்தார், மற்ற இரண்டையும் கோப்பில் வைத்துப் பூட்டினார். டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றார். குடித்துவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

இந்த நாட்டில் எல்லோரும் பொய்யர்கள் என்று எத்தனை கடிதத்தில் உங்களுக்கு எழுதியிருப்பேன். நீங்கள் ஒருவர்தான் நான் அறிந்து பொய் சொல்லாதவர். இப்போது உங்கள் கையெழுத்தோடு ஒரு பொய் அரசாங்க பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அதை எந்தத் தலைவரும் எழுதி வாங்கவில்லை.

உங்களையும் டீச்சரையும் காப்பாற்றத்தான் காகிதத்தைத் திரும்ப வாங்கினேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நானும் பாதி நம்பியிருப்பேன். ஆனால் உங்களிடம் இனி எதையும் மறைக்கக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை அத்தை, நிம்மதி.

உங்கள் அண்ணன் மகன்